இடமில்லை என்று சொல்ல ஒருத்தி

ஹாலைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போக வேண்டும். ஹாலில் மூன்று பேர் படுத்திருப்பார்கள். சுவரோரம் நாத்தனார், நடுவில் அவளுடைய சின்ன மகள், கதவுப் பக்கம் பெரியவள். பெரியவள் தூக்கத்தில் உருளுகிறவள். நேற்று கால் வைத்த இடத்தில் இன்று ஒரு கை கிடக்கும். அண்ணி விளக்கைப் போடுவதில்லை. கால் விரலால் தரையைத் தடவி, துணியா உடம்பா என்று பார்த்து, அடுத்த அடி வைப்பாள்.

எல்லோருக்கும் முன்னால் எழுந்தால்தான் குளியலறை கிடைக்கும். குளிப்பதற்கு இல்லை. தாழ் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பதற்கு.

நாத்தனார் வந்த பிறகு அந்த மாடிவீட்டில் அவளுக்குப் பேரே அண்ணிதான். மகன்கூட ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ரெண்டே வாரம், அண்ணி" என்று சொல்லிக்கொண்டுதான் நாத்தனார் வந்தாள். அவள் குடியிருந்த வீட்டைச் சொந்தக்காரர் விற்றுவிட்டார். அவளுடைய கணவன் அதற்கும் முன்பே வேலை தேடிப் போன இடத்தில் ஒரு குடும்பத்தையும் தேடிக்கொண்டுவிட்டான். அவள் வந்த சமயத்தில் சின்னவளுக்கு முன்பல் விழுந்திருந்தது. இப்போது புதுப் பல் முழுசாக முளைத்துவிட்டது.

இருப்பது ஒரு படுக்கையறை, ஒரு ஹால். அண்ணியின் கணவன் ரொட்டி ஆலையில் வண்டி ஓட்டுகிறவர். ஊர் தூங்கும்போது கிளம்பி, ஊர் சாப்பிடும்போது வந்து, கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு படுப்பார். அவர் படுத்துவிட்டால் படுக்கையறை இல்லை என்று அர்த்தம். மிச்சப் பேருக்கு ஹால்.

யாரும் யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் அலுப்பாக இருந்தது. ஒரு நாள் நன்றாகச் சண்டை போட்டிருந்தால்கூட எல்லோரும் நன்றாகத் தூங்கியிருப்பார்கள்.

நாத்தனாருக்கு வீடு கிடைத்துவிட்டது. துணி ஆல்டரேஷன் கடையில் அவளுக்கு வேலை. கடைக்குப் பின்னாலேயே, மாடியில் ஒரு அறை, ஒரு அடுப்படி. மாத வாடகை அவள் சம்பளத்துக்குள் அடங்கும். ஆனால் வீட்டுக்காரம்மா அட்வான்ஸ் கேட்டாள். அட்வான்ஸோடு முதல் மாத வாடகையும் முன்னாலேயே வேண்டும் என்றாள். உள்ளே போய்விட்டால் குடியிருக்க வழி இருந்தது. உள்ளே போவதற்குத்தான் வழி இல்லை.

"மாசக் கடைசி வரைக்கும் யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன்மா" என்று வீட்டுக்காரம்மா சொன்னாள். "அதுக்கு மேல என் வயித்தையும் நான் பார்க்கணும்."

கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் கேட்டாயிற்று. கடை முதலாளி "பார்க்கலாம்" என்றார். அந்த மாதிரி 'பார்க்கலாம்' சொன்னவர் அப்புறம் பார்க்கவே மாட்டார். ரொட்டி ஆலையில் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருந்தது. அண்ணியின் சங்கிலி மகனின் படிப்புக்காக அடகுக் கடைக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டது.

மிச்சம் இருந்தது மேலிடம்.

மேலிடம் என்பது கணவனின் அக்கா. வேறு ஊரில், தோட்டம் வைத்த வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். 'மேலிடம்' அண்ணியும் கணவனும் தங்களுக்குள் வைத்த பேர். அங்கிருந்து உத்தரவு வரும், நிதி வராது.

"தம்பி, அவ கண்ணு கலங்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று மேலிடம் சொன்னாள். "அப்பா அம்மா இல்லாத குறை தெரியாம வெச்சுக்கணும். உன் பொண்டாட்டி எப்படி நடந்துக்கறா?"

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா நடந்துக்கறாக்கா" என்றார் கணவன்.

"என்கிட்ட இருந்தா குடுக்க மாட்டேனா? போன லீவுக்கு அங்க வந்ததோட சரி, கை ஒழியவே இல்ல. இந்தத் தடவ வரலாம்னா, அங்க எங்க படுக்கறது? சரி, கடவுள் ஒரு வழி விடுவார்."

போனை வைத்த பிறகு கணவன் சொன்னார்: "மேலிடம் கடவுளுக்கு மாத்தி விட்டுடுச்சு."

*

அண்ணிக்கு வேலை பெரிய சலவைக்கூடத்தில். விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வண்டி வண்டியாகப் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்து முடித்தவை சூடான உருளைக்குள் போய், மறுபக்கம் சுருக்கம் இல்லாமல் வெளியே வரும். இந்தப் பக்கம் இரண்டு பேர் நின்று, மூலைக்கு மூலை பிடித்து, மடித்து, அடுக்க வேண்டும். தனியாளாகச் செய்ய முடியாத வேலை. எதிர்மூலையைப் பிடிப்பவள் வக்கீலம்மா.

அவள் வக்கீல் இல்லை. ஒரு காலத்தில் தன் வாடகை வீட்டுக்காக வழக்குக்குப் போய் ஜெயித்தவள். அன்றிலிருந்து அந்தப் பேர்.

"மூஞ்சி ஏன் உருளைக்குள்ள விடாத துணி மாதிரி இருக்கு?" என்று கேட்டாள்.

"தூக்கம் இல்ல."

"படுக்க இடம் இருந்தாத்தானே தூக்கம் வர்றதுக்கு? நாத்தனார் வீடு என்ன ஆச்சு?"

அண்ணி சொன்னாள். இரண்டு விரிப்பு மடித்து முடிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். அவ்வளவுதான் கதை.

"நகராட்சிக் கட்டடத்துக்குப் பின்னாடி உதவி மையம் ஒண்ணு இருக்கு" என்றாள் வக்கீலம்மா. "அட்வான்ஸை அவங்களே நேரா வீட்டுக்காரங்க கையில கட்டிடுவாங்க. நாம மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் கட்டணும். வட்டி கிடையாது."

"சும்மாவா குடுப்பாங்க?"

"சும்மான்னு யாரு சொன்னா? நடையா நடக்கணும். வட்டியைச் செருப்பு கட்டும்."

இருவரும் ஒரே நேரத்தில் அடி எடுத்து வைத்து, விரிப்பின் இரண்டு ஓரங்களையும் ஒன்றாகச் சேர்த்தார்கள்.

"மனுவை நாத்தனார் போடட்டும். வீட்டைப் பார்க்க ஒரு ஆள் வரும். ரெண்டு கேள்வி கேட்டுட்டுப் போவாங்க. முடிஞ்சுது."

வேலை முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். அண்ணி கிளம்பவில்லை. நிறுத்திய உருளையின் பக்கத்தில் ஒரு பெஞ்சு உண்டு. உருளை ஆறட்டும் என்று அதில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளாக இது வழக்கம்.

"வீட்டுக்குப் போகல?" வாசலிலிருந்து வக்கீலம்மா கேட்டாள்.

"போறேன், போறேன்."

வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தாள்.

*

நாத்தனார் மனு போட்டாள். வீட்டைப் பார்க்க வருகிறோம் என்று மையத்திலிருந்து தகவல் வந்தது. வீடு அல்லோலகல்லோலப்பட்டது.

"வர்றவங்க முன்னாடி மானம் போகக் கூடாது" என்றார் கணவன். அன்று மத்தியானம் தூங்காமல், கம்பி ஜன்னலைத் துடைத்தார். நாத்தனார் திரைச்சீலையைத் துவைத்துப் போட்டாள். பெண்கள் இருவரும் பள்ளிப் பைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். மெத்தை, தலையணை, போர்வை எல்லாவற்றையும் என்ன செய்வது என்று அண்ணி யோசித்தாள். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். நான்கு நடையில் அத்தனையும் அங்கே போய்ச் சேர்ந்தது. மகனின் புத்தகங்கள் சமையலறை அலமாரியில், டப்பாக்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன.

ஹால் பளிச்சென்று இருந்தது. நாத்தனார் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள்.

"நம்ம ஹால் இவ்வளவு பெருசா, அண்ணி?"

"நானும் இப்பத்தான் பார்க்கறேன்."

மையத்துப் பெண் சின்ன வயது. தோளில் கனமான பை. மூன்று மாடி ஏறி வந்ததில் பேச்சு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு குதிகாலைச் செருப்பிலிருந்து மெல்ல வெளியே எடுத்தாள். அண்ணி அதைப் பார்த்தாள். பார்க்காதது போல டீ போடப் போனாள்.

"டீ எல்லாம் வேண்டாங்க. நாங்க எதுவும் வாங்கக் கூடாது."

"வீட்டுக்கு வந்துட்டு வெறும் வாயோட போனா எப்படி? சும்மா குடிங்க."

அவள் குடித்தாள். குடித்துக்கொண்டே ஹாலைப் பார்த்தாள்.

"இவங்க மூணு பேரும் எங்க படுக்கறாங்க?"

"இங்கதாங்க, தாராளமா" என்றாள் அண்ணி.

"உங்க பையன் படிக்கிறது?"

"அவனுக்கு எங்க உக்காந்தாலும் ஏறும்."

"எல்லாரும் ஒரே வீட்டுல இருக்கறது சிரமமா இல்லையா?"

கணவன் தேய்த்த சட்டை போட்டிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "சிரமமா? இவ என் தங்கச்சிங்க. எத்தனை வருஷம் ஆனாலும் இது அவ வீடுதான். போன்னு என் வாயில வராது."

மையத்துப் பெண் அண்ணியைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

"எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லைங்க. இடம் நிறைய இருக்கு."

நாத்தனாருக்கு முகம் மலர்ந்தது. "எங்க அண்ணி மாதிரி யாருக்கும் அமையாதுங்க" என்றாள்.

"குடுத்து வெச்சவங்க" என்று மையத்துப் பெண் சொல்லி, குதிகாலைத் திரும்பச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு, படி இறங்கிப் போனாள்.

கதவைச் சாத்தியதும் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

"ஒரு குறை சொல்ல முடியாது" என்றார் கணவன்.

"நல்லாப் பேசினீங்க, அண்ணி" என்றாள் நாத்தனார்.

பக்கத்து வீட்டிலிருந்து மெத்தைகள் திரும்பி வந்தன. ஹால் பழைய அளவுக்குச் சுருங்கியது.

*

பதில் கடைக்குப் போனில் வந்தது. நாத்தனார் அதை மனப்பாடம் செய்து கொண்டுவந்து சமையலறை வாசலில் நின்று ஒப்பித்தாள்.

"மனுதாரருக்கு, தங்குவதற்குப் போதுமான இடமும் உறவினர் ஆதரவும் உள்ளபடியால், உதவி தேவைப்படவில்லை."

"போதுமான இடம்னா?" என்று சின்னவள் கேட்டாள். "எந்த வீட்டைச் சொல்றாங்க?"



மறுநாள் சலவைக்கூடத்தில் வக்கீலம்மா கையிலிருந்த மூலையை விட்டுவிட்டாள். விரிப்பின் பாதி தரையில் விழுந்தது. அதை மறுபடி துவைக்கப் போட வேண்டும்.

"இடம் நிறைய இருக்குன்னா சொன்னே?"

"ஆமா."

"மெத்தையை எல்லாம் ஒளிச்சு வெச்சே?"

"பக்கத்து வீட்டுல."

"ஏண்டி, வந்தவ பொண்ணு பார்க்கவா வந்தா?"

அண்ணி விழுந்த விரிப்பைச் சுருட்டினாள். "வீட்டுக்கு ஒருத்தங்க வர்றாங்கன்னா பெருக்க மாட்டோமா? நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"எதை? வீட்டைக் குப்பையா வெச்சுக்கோன்னா? இதைக்கூடச் சொல்லணும்னு எனக்கு எங்க தோணுச்சு?" வக்கீலம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "சரி விடு. இன்னொரு வழி இருக்கு. மறுபரிசீலனை கேட்கலாம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர்ல ஒருத்தர் நேர்ல போகணும். இனிமே எங்க வீட்டுல வெச்சுக்க முடியாது, போகணும்னு சொல்லணும். கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்" என்றாள் அண்ணி.

அடுத்த விரிப்பு உருளையிலிருந்து வந்துகொண்டிருந்தது. இருவரும் மூலையைப் பிடித்தார்கள்.

*

அன்று சாயங்காலம் நாத்தனார் பெண்களைக் கூட்டிக்கொண்டு காற்றாட வெளியே போயிருந்தாள். மகன் புத்தகத்தோடு மாடிப்படியில் இருந்தான். கணவன் துண்டை எடுத்துவிட்டுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அண்ணி விஷயத்தைச் சொன்னாள்.

"என்னால முடியாது" என்றார்.

"கேளுங்க."

"என் தங்கச்சியை வெளிய போன்னு நான் கையெழுத்துப் போடணுமா? அவ ஜுரத்துல கிடந்தப்ப நான் முதுகுல தூக்கிட்டு ஓடியிருக்கேன்."

"இப்பவும் தூக்கிட்டு ஓடத்தாங்க சொல்றேன். அந்த வீடு வரைக்கும்."

"விளையாடாத. என் வாயால வராது."

"அப்ப யாரு வாயால வரும்?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. துண்டை மடித்தார். மடித்ததையே பிரித்து இன்னொரு முறை மடித்தார். அண்ணி நாள் முழுக்கத் துணி மடிக்கிறவள். அந்த மடிப்பில் இருந்தது அவளுக்குப் புரிந்தது.

"நானா?" என்றாள்.

"நீ சொன்னா அவ தப்பா எடுத்துக்க மாட்டா."

"அவ எடுத்துக்க மாட்டா. மேலிடம்?"

"அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை நீங்களே சொல்லுவீங்க."

அது உண்மை என்று அவருக்கும் தெரிந்தது. சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"ஏங்க, எத்தனை தடவை நினைச்சிருக்கேன் தெரியுமா, இவ எப்ப போவான்னு? வாயைத் திறந்ததில்ல. நீங்களும் நினைச்சீங்க, நீங்களும் திறக்கல. இப்ப அவளே போறேங்கறா. போகவிட நாம துரத்தணுமாம். துரத்தினவங்கற பேர் மட்டும் எனக்கு."

"உனக்குன்னு இல்ல…"

"எனக்குத்தான். அண்ணன் துரத்தினான்னு எந்தச் சொந்தத்துல பேசியிருக்காங்க? அண்ணி துரத்தினான்னுதான் பேசுவாங்க. நீங்களே போய்ச் சொன்னாலும், அவ சொல்லிக் குடுத்தான்னுதான் வரும்."

கணவன் துண்டைக் கட்டிலில் வைத்தார்.

"அப்ப யாரு போனாலும் ஒண்ணுதானே" என்றார் மெதுவாக.

அதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குச் சோர்வாக இருந்தது. எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

*

மையத்தில் நாற்காலிகளைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. நாத்தனாரும் அண்ணியும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள்.  பஸ்ஸில் வரும்போது அண்ணி மனதுக்குள் ஒரு வாக்கியத்தை உருட்டிக்கொண்டே வந்தாள். வக்கீலம்மா சொல்லிக் கொடுத்தது. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று ஆரம்பிக்கும்.

கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அதே பெண். அன்றைக்கு வந்தவள்.

"இவ வெளிய இருக்கட்டுங்களா?" என்று அண்ணி நாத்தனாரைக் காட்டிக் கேட்டாள்.

"இல்லைங்க. அவங்க முன்னாடிதான் சொல்லணும். பின்னால நான் அப்படிச் சொல்லவே இல்லன்னு வரக் கூடாது பாருங்க."

அண்ணி உட்கார்ந்தாள். வாக்கியம் போன இடம் தெரியவில்லை.

"இடம் இல்லைங்க" என்றாள்.

"அன்னிக்கு நிறைய இருந்துச்சே."

"அன்னிக்கு நீங்க வந்திருந்தீங்க."

"புரியல."

"வீட்டுக்கு வந்தவங்ககிட்ட இடம் இல்லன்னு எப்படிங்க சொல்றது?"

மையத்துப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "மெத்தை எல்லாம் எங்க இருந்துச்சு?"

"பக்கத்து வீட்டுல."

"நினைச்சேன். மூணு பேர் படுக்கற ஹால்ல ஒரு தலகாணிகூடக் கண்ணுல படல."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீங்க சொல்றதைத்தான் நான் எழுதலாம். நான் நினைச்சதை எழுதக் கூடாது." பேனாவைத் திரும்ப எடுத்தாள். "சொல்லுங்க."

"கஷ்டமா இருக்குங்க."

"கஷ்டம்னு எழுதினா மேல ஒத்துக்க மாட்டாங்க. கஷ்டம் எல்லார் வீட்டுலயும் இருக்கு. இவங்க இனிமே உங்க வீட்டுல இருக்க முடியாதுங்கறீங்களா? ஏன்?"

அண்ணி மேசையைப் பார்த்தாள். மேசை ஓரத்தில் ஒரு டம்ளர் வைத்த வட்டம் காய்ந்திருந்தது.

"என் பையன் மாடிப்படியில உக்காந்து படிக்கிறான்" என்றாள். "யாராவது ஏறினா எழுந்து வழி விடறான். திரும்ப உக்கார்றான். அவருக்கு ராத்திரி வேலை. பகல்ல தூங்கணும். பொண்ணுங்க சிரிச்சா இவ ஓடிப் போய் வாயைப் பொத்தறா. பொத்திப் பொத்தி இப்ப அதுங்க சிரிக்கறதே இல்ல. நான் நின்னுக்கிட்டே சாப்பிடறேன். உக்காந்தா யாராவது எழுந்திருக்கணும். காலையில குளியலறைக்குள்ள போய்ச் சும்மா நிக்கிறேன். அங்கதான் தாழ்ப்பாள் இருக்கு."

மையத்துப் பெண் எழுதிக்கொண்டிருந்தாள். போதும் என்று சொல்லவில்லை. அண்ணியால் நிறுத்த முடியவில்லை.

"ஓவர்டைம்னு வீட்டுல சொல்லியிருக்கேன். ஓவர்டைம் எல்லாம் இல்லைங்க. வேலை முடிஞ்சதும் மிஷின் பக்கத்துல பெஞ்சுல உக்காந்திருப்பேன். மிஷின் ஆறுற வரைக்கும். அங்க யாரும் என்னை அண்ணின்னு கூப்பிட மாட்டாங்க."

 நாத்தனார் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்தாள். எடுத்த நூலை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இவ நல்லவதாங்க" என்றாள் அண்ணி. "அதையும் எழுதிக்குங்க."

"அதுக்கு இதுல இடம் இல்லைங்க."

"சரி. இவ போகணும். போகணும்னு நான்தான் சொல்றேன்."

கையெழுத்துப் போட்டாள். பேனா ஒரு இடத்தில் எழுதவில்லை. அதன் மேலேயே இன்னொரு முறை அழுத்திப் போட்டாள்.

*

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. இருவரும் ஒரு கம்பத்தின் நிழலில் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக நின்றார்கள்.

"அண்ணி."

"ம்."

"அந்த ஓவர்டைம். அது அவங்க ஒத்துக்கணும்னு சொன்னீங்களா, நிஜமாவா?"

அண்ணி பஸ் வரும் பக்கம் பார்த்தாள். பஸ் வரவில்லை.

"நிஜம்தான்."

 நாத்தனாருடைய தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அண்ணி திரும்பினாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"என்ன?"

"சாயங்காலம் நான் பிள்ளைங்களைக் கூட்டிட்டுக் காத்தாடப் போறேன் இல்ல? காத்தும் இல்ல ஒண்ணும் இல்ல. கடைத் தெரு முனையில ஒரு கல் பெஞ்சு. அதுல மூணு பேரும் உக்காந்திருப்போம். நீங்க வேலையிலிருந்து வந்தா வீடு கொஞ்சம் காலியா இருக்கட்டுமேன்னு."

அண்ணி அவளைப் பார்த்தாள்.

"தினமுமா?"

"தினமும். சின்னவ வீட்டுக்குப் போலாம்னு உயிரை எடுப்பா. இருடி, அண்ணி இப்பத்தான் வந்திருப்பாங்க, கொஞ்சம் காலை நீட்டட்டும்பேன்."

"அப்ப அந்த நேரம் வீட்டுல யாரு இருந்தா?"

"அண்ணன்தான். குறட்டை விட்டுக்கிட்டு."

"அவ்வளவு பெரிய வீட்டுல" என்றாள் அண்ணி.

இருவரும் சிரித்தார்கள். ரொம்ப நேரம் சிரிக்க முடியவில்லை. அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

பஸ் வந்தது. உட்கார ஒரே ஓர் இடம்தான் இருந்தது. "நீங்க உக்காருங்க" என்றாள் நாத்தனார். அண்ணி "நீ உக்காரு" என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. உட்கார்ந்தாள்.

*

மாசக் கடைசிக்குள் பணம் வீட்டுக்காரம்மாவின் கைக்குப் போய்விட்டது. நாத்தனார் குடிபோனாள். சாமான் அத்தனையும் ரொட்டி வண்டியில் ஒரே நடையில் அடங்கியது. மெத்தையெல்லாம் ரொட்டி வாசனை அடிக்கிறது என்று சின்னவள் சந்தோஷப்பட்டாள். கணவன் தூக்கினார், இறக்கினார், யார் முகத்தையும் பார்க்கவில்லை. கிளம்பும்போது தங்கையின் தலையில் ஒரு தரம் கையை வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்தாள். இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை. சொன்னதே கூடுதல்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. கணவன் எடுத்தார். அண்ணி ஹாலில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகன் ஜன்னல் பக்கம் புத்தகத்தை விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தான்.

"ஆமாக்கா, போயிட்டா" என்றார் கணவன். "நல்ல வீடுதான். இல்லக்கா. அதெல்லாம் இல்ல. உதவி மையத்துல ஒரு விதி. நம்ம வீட்டுலேர்ந்து யாராவது போய்ச் சொல்லணும்னு… நான் இல்ல." நிறுத்தினார். "அவதான் போனா."

ஞாயிற்றுக்கிழமை அவர் சொல்லிவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்ததுதான். போன் அவளை நோக்கி நீண்டது. அண்ணி இடது கையால் வாங்கினாள்.

"ஏம்மா, கேள்விப்பட்டது நிஜமா?" என்றாள் மேலிடம். "போகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டியாமே."

"ஆமாக்கா. போட்டேன்."

"அப்பா அம்மா இல்லாத பொண்ணு."

"ஆமாக்கா."

"எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"நான்தான் போகச் சொன்னேன்" என்றாள் அண்ணி. "மனசு வந்துதான் சொன்னேன்."

கணவன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு படுக்கையறை வாசலில் நின்றிருந்தார். உள்ளே போகவும் இல்லை, இந்தப் பக்கம் வரவும் இல்லை.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. இனி நாலு வீட்டுக்குப் போன் போகும் என்று அண்ணிக்குத் தெரியும். போகட்டும் என்றிருந்தது. தட்டில் ஒரு வாய் மிச்சம் இருந்தது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றாள் மேலிடம். குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது. "பிள்ளைங்களுக்கு லீவு விடப் போறாங்க. நாங்க ஒரு மாசம் அங்க வந்து இருக்கலாம்னு. இப்பத்தான் ஹால் காலியாச்சே. இடம் இருக்குல்ல?"

அண்ணி ஹாலைப் பார்த்தாள். சுவரோரம், நடுவில், கதவுப் பக்கம். மகன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். கணவனும் பார்த்தார்.

"இல்லக்கா" என்றாள். "இடம் இல்ல."

போனைக் கணவனிடம் நீட்டிவிட்டு, மிச்சம் இருந்த வாயைச் சாப்பிட்டாள்.